மூலை மடங்கிய பெட்டி

திபிலீசியில், திதுபே பேருந்து நிலையத்துக்கு எதிரே
நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை.
கதவைத் திறந்தால் இடிக்கிற தூரத்தில்
சிசினோ நிற்கிறாள்.

அவள் காசு கேட்பதில்லை.
நான்காய் மடித்த மருந்துச் சீட்டை
நெஞ்சருகே பிடித்தபடி
"வாங்கி மட்டும் கொடுங்கள்" என்கிறாள்.

காசென்றால் கை சுருங்குகிறவர்கள்
சீட்டென்றால் நின்றுவிடுகிறார்கள்.
காசு குடிக்கப் போகலாம்,
சூதாட்ட இயந்திரத்துக்குள் போகலாம்,
மகனென்று ஒருவன் வந்து பிடுங்கிக்கொள்ளலாம்.
மாத்திரை எங்கே போகும், வயிற்றைத் தவிர?
பாத்திரம் அறிந்து இடுகிறவர்கள் அவர்கள்.
உள்ளே வந்து, பனிச்சேற்றை மிதியடியில் தேய்த்துவிட்டு
பதினான்கு லாரி எண்பது தேத்ரி
எண்ணி வைக்கிறார்கள்.
சிலர் ரசீதும் கேட்கிறார்கள்.

அவர்கள் மெட்ரோ படிக்கட்டில் இறங்கி மறைந்ததும்
பெட்டி உள்ளே வரும்.
விற்ற மருந்து திரும்பப் பெறப்படாது என்று
என் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறது.
அவள் அதைப் பார்ப்பதில்லை.
நானும் நிமிர்வதில்லை.
பதினான்கு லாரி எண்பது தேத்ரி,
மறுபடி எண்ணுகிறேன்,
இந்த முறை அவள் பக்கமாய்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரே பெட்டியை
இருபத்தாறு முறை விற்றிருக்கிறேன்.
அதன் மூலை மடங்கிவிட்டது.
தவறி வேறு யாருக்கும் போய்விடக் கூடாதென்று
கல்லாவுக்குக் கீழே
என் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
"இதய மாத்திரை இப்படி ஓடுகிறது,
இருப்பு மட்டும் குறையவே இல்லையே" என்கிறார்
முதலாளி கோச்சா.
நல்ல மருந்து, என்கிறேன்.

பணத்தை என்ன செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.
விறகு, என்றாள்.
இன்னொரு நாள், வாடகை.
மூன்றாம் முறை,
"உனக்கெதற்கு லமாரா?"
என் பெயர் அவளுக்குத் தெரியும் என்பதே
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஒரு மாணவன் வந்தான்,
விரல் நகமெல்லாம் நீலச் சாயம்.
மூன்று பைகளையும் துழாவிச் சில்லறை வைத்தான்.
"அந்த அம்மா இதை உண்மையிலேயே எடுத்துக்கொள்வாரா?"
"எடுத்துக்கொள்வார்" என்றேன்.
எந்த அர்த்தத்தில் என்று அவன் கேட்கவில்லை.
இரண்டு லாரி குறைந்தது.
என் பணப்பையிலிருந்து போட்டேன்.
நான்கு வருடமாய் அவளைக் கடந்துதான்
கடை திறக்கிறேன், கடை அடைக்கிறேன்.
நேராய் அவள் கையில் ஒரு தேத்ரி வைத்ததில்லை.
அந்த இரண்டு லாரியும்
பொய்க்குள் சுருட்டிக் கொடுத்ததால்தான் போயிற்று.

சீட்டை ஒருமுறை வாங்கிப் பார்த்திருக்கிறேன்.
மடிப்புகளில் மை செத்து,
தேதி இரண்டு வருடம் பழையது.
பெயர் மட்டும் படிக்க முடிந்தது: ஓதார்.
யாரென்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் வாடிக்கையாளர் வந்துவிட்டார்.
வராவிட்டாலும் கேட்டிருக்க மாட்டேன்.

புதன்கிழமை மாலை,
ரோமக் கழுத்துப்பட்டி அணிந்த ஒரு பெண்மணி
பணம் கட்டினாள்.
பெட்டி வெளியே போனது.
கம்பிக்கதவை இறக்குகிற வரைக்கும்
திரும்பி வரவில்லை.

வியாழனும் வரவில்லை.
இன்று சனி.
அவள் நிற்கும் இடத்தில் மட்டும்
பனி மிதிபடாமல் கிடக்கிறது.

ஒருமுறையாவது அதைப் பிரித்துத் தின்றுவிடேன்,
நானும் நல்லவளாகிவிடுகிறேன் என்று
குளிர்காலம் முழுக்க மனசுக்குள் அவளைத் திட்டினேன்.
இப்போது கதவு மணி அடிக்கும்போதெல்லாம் பதறுகிறது.
மருந்து யாருக்கும் தேவைப்பட்டிருக்கக் கூடாது.
எல்லாம் பொய்யாகவே இருக்கட்டும், சிசினோ.
பதினான்கு லாரி எண்பது தேத்ரி,
எண்ணி
ஓரமாய் எடுத்து வைத்திருக்கிறேன்.