வெள்ளிக்குள் அனுப்ப வேண்டிய படிவம்

வலயத்திலிருந்து வந்த படிவத்தில்
மண்சரிவுக்கு ஒரு கட்டம்,
தீக்கு ஒன்று,
குளவிக்கு ஒன்று.
தேயிலைக்கு நடுவே பள்ளிக்கூடம் என்றால்
குளவியை விசாரிக்காமல் விடமாட்டார்கள்.
அடிபடும் பிள்ளைக்குக் கட்டம் இல்லை.
கடைசியில் ‘ஏனையவை’,
கீழே இரண்டு கோடு.

பாதுகாப்புக்கு நான்தான் பொறுப்பாம்.
அதிபர் தந்துவிட்டுப் போனார்.

ஒன்பதாம் தரத்துக்கு
பள்ளிக்கூடத்தை வரைந்து கொடுத்தேன்.
பயமான இடத்தில் சிவப்புப் புள்ளி வையுங்கள்,
பெயர் எழுத வேண்டாம்.
பொகவந்தலாவை மழை தகரத்தில் இறங்கியது.
யார் பேசினாலும் கேட்காது.
அதுவும் நல்லதாகப் போயிற்று.

நாற்பத்தொரு தாள்.
தாழ்ப்பாள் இல்லாத மலசலகூடம், பதினேழு.
எல்லாம் பெண்பிள்ளைகள் என்று
புள்ளி சொல்லாது. எனக்குத் தெரியும்.
ஸ்டோர் வளைவு, பதினொன்று.
விதுர்ஷனின் சப்பாத்தைக் கழற்றிக்
கானுக்குள் வீசிய இடம்.
ஒரு தாளில் புள்ளியே இல்லை.
தாளுக்கு வெளியே, மேசைப் பலகையில்
ஒன்று வைத்திருந்தாள்.
அந்த மேசை யாருடையது,
அவள் எந்த லயம் என்பது இடாப்பில் உண்டு.
வீட்டில் யார் யார் என்பது இல்லை.

பிறகு, நான்கு தாள்களில்
கரும்பலகைக்குப் பக்கத்தில்
ஆசிரியர் மேசை.
என் மேசை.
நான்கும் வேறு வேறு கை.
ஒன்றில் பேனை
தாளைத் துளைத்துப் போயிருந்தது.

பிரம்பு அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.
கவ்வாத்து மலையில் நானே பொறுக்கி
நானே சீவிய தேயிலை வாது.
கணக்குப் பாடத்துக்கு மட்டும் என்றுதான்
இவ்வளவு நாளும்
எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாழ்ப்பாள் இன்றைக்கே வாங்கியாயிற்று, என் காசில்.
இரண்டு மணிக்கு வளைவில் நிற்க
சங்கீத டீச்சரும் கடைக்கார மொஹிதீனும்
முறை வைத்துக்கொண்டார்கள்.
மேசையில் புள்ளி வைத்தவளோடு
திங்கள் காலை ரேணுகாதேவி டீச்சர் பேசுவார்,
நான் அல்ல.

‘ஏனையவை’யின் முதல் கோட்டில்
என் பெயரை எழுதினேன்,
முதலெழுத்தோடு, பதவியோடு.
இரண்டாவது கோட்டுக்கு
இன்னும் சொல் பிடிபடவில்லை.

பகலுணவு சமைக்கும் பாக்கியத்திடம்
பிரம்பைக் கொடுத்து
அடுப்பில் வையுங்கள் என்றேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
“நல்லாத்தானே சேர் இருக்கு,
எதுக்கு?”