இரண்டாயிரத்து எழுநூறு கெல்வின்

ஜூன் மாதம். ஒவுலுவில் இரவு பதினொன்றரைக்கும்
எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார்.
திரைச்சீலையைத் துணிக்கிளிப் போட்டு இறுக்கி
முதலில் கொஞ்சம் இருட்டு செய்கிறேன்,
அதற்குள் உட்கார்ந்து விண்மீன் செய்ய.

ஓர் எண் போதும். அதை விதை என்கிறோம்.
ஏழு என்று போட்டால்
என்றைக்கும் அதே சூரியன், அதே கரும்புள்ளி,
அதே இடத்தில் அதே கொதிப்பு.
எட்டு என்றால் வேறொருவன்.
பிறப்புக்கு இவ்வளவு ஒழுங்கு
எங்கள் பதிவு அலுவலகத்தில்கூட இல்லை.

முதல் வாரம் தாயத்தை நியாயமாக உருட்டினேன்.
எடை எதுவானாலும் சம வாய்ப்பு.
வானம் முழுக்க நீல ராட்சதர்கள்,
நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டி மாதிரி.
அழகுதான். பொய்.
நிஜத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல்
சிவப்புக் குள்ளர்கள்;
சிக்கனமாக எரிந்து
யார் கண்ணிலும் படாமல் வாழ்கிறவர்கள்.
பங்கை மாற்றினேன்.
குள்ளர்களுக்குக் காட்டுப்பழ ஜாமின் சிவப்பைப் பூசினேன்.

கஸ்பெரி ஓட்டிப் பார்த்தான். சோதிப்பது அவன் வேலை.
முந்நூறு மண்டலம் தாண்டி ஒரே வரி எழுதினான்:
'இர்யா, பாதி இடத்தில் விளக்கு அணைந்திருக்கிறது.'

இரண்டு நாள் பிழை தேடினேன்.
தூரம் கூடக்கூடத் தசமங்கள் நடுங்கும்; அதுவா?
அது இல்லை.
மூன்றாம் நாள் காபி இயந்திரத்தருகே
கோப்பையை நீட்டியபடி சொன்னான்:
எனக்குச் சிவப்பு, கருப்பு மாதிரிதான் தெரியும்,
பிறந்ததிலிருந்தே.

அப்பாடா என்றிருந்தது.
பிழை கண்ணில், நிரலில் இல்லை என்று எழுதி
சீட்டை மூட இருந்தேன்.

சனிக்கிழமை ஆற்றங்கரையில் அவன் அக்காவின் சௌனா.
உடைமாற்றும் அறையில் ஒரு குண்டு பல்பு.
அலமாரியில் மாற்று பல்பின் அட்டை,
ஓரத்தில் பொடி எழுத்து: 2700 கெல்வின்.
துண்டோடு நின்று இரண்டு முறை படித்தேன்.
என் குள்ளர்களில் முக்கால்வாசிப் பேர்
இதைவிடச் சூடானவர்கள்.

'கஸ்பெரி, இந்த பல்பு உனக்குத் தெரிகிறதா?'
நீராவிக்குள்ளிருந்து பதில் வந்தது:
'ஏன், மஞ்சளாக, நன்றாகத்தான்.
கதவைச் சாத்து, சூடு போகிறது.'

பெயரைப் பார்த்து வண்ணம் பூசியிருக்கிறேன்.

திங்கட்கிழமை மாற்றியது ஒரு வரி.
நாற்பது கோடி சூரியன்கள்
அடுத்த விநாடி பல்பு நிறத்தில் எரிந்தன.
மேலாளர் மட்டும் இன்னும் கேட்கிறார்,
சுவரொட்டிக்கு ஒரு பச்சை நட்சத்திரம்.
பச்சை கிடையாது என்று மூன்றாவது முறையாக எழுதியிருக்கிறேன்.

வெளியே வெயில். புல்வெட்டி நிற்கவில்லை.
நிஜ வானத்தோடு ஒத்துப் பார்க்க
ஆகஸ்ட் வரை பொறுக்க வேண்டும்.
ஆகஸ்டிலும்
வெறுங்கண்ணுக்கு இவர்களில் ஒருவரும் தெரியமாட்டார்கள்.
அந்த விஷயத்தில்
கஸ்பெரிக்கும் எனக்கும் ஒரே கண்.