சிவப்பு இருக்கிறதா

பீல் நகரத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர்.
தெருவுக்கு இரண்டு, ரயில் நிலையத்துக்கு இரண்டு,
சிவப்புக்கும் இரண்டு.
டொக்டர் எஷ்லிமன் இரண்டிலும் கேட்டார்:
"சிவந்து போகிறதா?"

எனக்குள் மூன்றாவது மொழி ஒன்று குறுக்கே வந்தது.
"பெட்டை நல்ல சிவலை" என்பார்கள்
கலியாணப் பேச்சுகளில்.
என்னை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.
"இல்லை டொக்டர்," என்றேன்,
"நான் ஒருநாளும் சிவந்ததில்லை."
அவர் எழுதினார்: அழற்சி இலேசு.

தாடையோரம் இரவெல்லாம்
விண் விண் என்று தெறித்தது.

பகலில் நான் மணிக்கூட்டு முகம் பார்ப்பவள்.
கண்ணில் லூப், விரலுக்கு ரப்பர் உறை,
நாளுக்கு முந்நூறு முகங்கள்.
ஒரு தூசி, பன்னிரண்டுக்குப் பக்கத்தில்
மயிரளவு கீறல்,
சிவப்புத் தட்டில் போட்டுவிடுவேன்.
இடைவேளையில் கழிவறைக் கண்ணாடி முன்
அதே கண்ணோடுதான் நின்றேன்.

பரு போய்விடும் என்பார்கள்.
பரு போகும். அது இருந்த இடம் போகாது.
ஐப்பசியில் ஒரு கிழமை வந்ததற்கு
மாசி மட்டும் கறுப்பு.

வசந்தமலர் அக்காவின் கடையில்
அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து
பெயர் ஒட்டாத ரியூப் ஒன்று வந்தது.
"இரவில் பூசு. ஒருத்தருக்கும் சொல்லாதே."
ஆறு கிழமை பளபளத்தேன்.
இவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.
ஏழாவது கிழமை தோல் வெங்காயச் சருகு.
நிறுத்தினேன்.
முகம் முழுக்கக் கிளம்பியது, வட்டியோடு.

இரண்டாம் தரம் ரியூப்பை மேசையில் வைத்தேன்.
டொக்டர் ஏசவில்லை. மூடி திறந்து மணந்து பார்த்தார்.
தடித்த படப்புத்தகம் ஒன்றை எடுத்துப்
புரட்டினார், புரட்டினார்.
கன்னங்கள். எல்லாம் பால்.
மூடிவிட்டு, "இதில் நீங்கள் இல்லை," என்றார்.
கை கழுவி வந்து
கண்ணை விட்டுவிட்டு விரலால் பார்த்தார்.
சூடு. கட்டி. என் இமை துடித்தது.
"இலேசு இல்லை. நான் தேடியது தவறான நிறம்."
பழைய வரியை என் முன்னாலேயே வெட்டினார்.

அசெலாயிக் கிறீம், கடலையளவு, இரவில்.
எரிந்தால் ஒருநாள் விடு.
கிள்ளாதே. கிள்ளினால் இன்னும் கறுக்கும்.
வெயில் கிறீம், பனி பெய்தாலும்.

முதல் வெயில் கிறீமோடு வேலைக்குப் போனேன்.
"கோயிலுக்கோ போட்டு வாறாய்?" என்றார்
பக்கத்து மேசைப் பரஞ்சோதி.
அவ்வளவு சாம்பல்.
அடுத்ததில் நிறம் கலந்திருந்தது;
"மிக அடர்த்தி" என்று பெயர் போட்டதுகூட
என் உள்ளங்கையைவிட வெளிறல்தான்.
இரண்டைக் கலந்து பூசப் பழகினேன்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை.
புதிதாக ஒன்றும் நடக்கவில்லை என்பது
எனக்கு உறைக்கவே கனநாள் எடுத்தது.
பழையவை அவசரமில்லாமல் போகின்றன,
விருந்து முடிந்தும் வாசலில் நின்று கதைப்பவர்கள் மாதிரி.

போன கிழமை டொக்டர் அனுமதி கேட்டார்:
கன்னம் மட்டும், கண் வராது, பெயர் வராது,
படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம்.
கையெழுத்துப் போட்டேன்.
"கீழே நிறம் எழுத வேண்டும். ஊதாவா, மண்ணிறமா?"
அவருடைய இரண்டு மொழியிலும் தேடினேன்.
"நாவல்," என்றேன்.
"அது ஒரு பழம். தின்றால் நாக்கில் கறை பிடிக்கும்.
பிறகு தானாகப் போய்விடும்."

எழுத்துக் கூட்டச் சொன்னார். கூட்டினேன்.
கடைசி எழுத்தை இரண்டு தரம் எழுதிவிட்டார்.
லூப் இல்லாமலே தெரிந்தது.
விட்டுவிட்டேன்.