மாத அறிக்கை

முப்பதாம் திகதி. மூன்றரைக்குள்
கூட்டிக் கொடுத்துவிட வேணும்.

நாவாந்துறைப் பிரிவு:
உயிரோடு பிறந்தவை பதினொன்று,
அதில் நிறை குறைந்தவை இரண்டு.
செத்துப் பிறந்தவை – ஒரு கோடு.
கருச்சிதைவுக் கட்டத்தில்
பேனை நிற்கிறது.

இருபத்தேழு கிழமையும் ஐந்து நாளும்.
இன்னும் இரண்டு நாள் தாங்கியிருந்தால்
எமல்டாவின் பிள்ளை
பக்கத்துக் கட்டத்துக்குப் போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை போனேன்.
என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும்
மனிசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு
ஜெட்டிப் பக்கம் போய்விட்டான்.
கதிரையை இழுத்துப் போட்டாள் எமல்டா.
மல்லிகை மணந்தது.
தலையில் பூவில்லை.
பால் வற்றட்டும் என்று
நெஞ்சில் வைத்துக் கட்டியிருந்தாள்.

"இதை எங்கை பதிவியள், மிஸ்ஸி?"
காட்டினேன்.
ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
கட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள்.
"பேர் எழுத இடம் காணாதே."
பேர் கேட்கிற படிவம் இல்லையம்மா இது
என்று சொல்ல வாயெடுத்து
வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன்,
காய்ச்சல் இருக்கோ என்று கேட்டேன்,
இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தேன்.
அவள் பேரைச் சொன்னாள்.
நான் எழுதவில்லை.

ஒன்று.

வருட முடிவில் இது
ஆயிரத்துக்கு இத்தனை என்று
ஒரு தசமமாகித் திரையில் ஏறும்.
யாழ்ப்பாணம் பரவாயில்லை என்பார்கள்,
உண்மையாகவும் இருக்கும்.

"கூட்டல் சரியோ அக்கா?"
கிளாக் பெடியன் கை நீட்டுகிறான்.
சரி என்றேன்.

சந்தை பூட்ட முந்தி
இரண்டு முழம் மல்லிகை வாங்கவேணும்.
நேற்றையது வாடியிருக்கும்.