மூன்றாவது படத்துக்கு முன்

எண்ணூர் விரைவுச் சாலையில்
நாற்பதடி கன்டெய்னரோடு
பதினோரு மணி நேரமாக நிற்கிறேன்.
முன்னால் எண்பது வண்டி. பின்னால் எண்ணவில்லை.
துறைமுகத்துக் கேட் ஒரு வண்டியை விழுங்கினால்
மென்று முடிக்கும்வரை
மறுபடி வாய் திறக்காது.

இது நான் சொன்னதில்லை, பெனினா.
உங்கள் முதல் படத்தில்
அந்த ஊமைப் பையன் சைகையில் சொன்னது.
அதுவரை எனக்கு அது வெறும் கேட்.

எங்கள் பக்கம் கேமராவோடு வந்தவர்களெல்லாம்
கத்தியோடுதான் வந்தார்கள்.
என் மச்சான் கிளமென்ட் மட்டும்
பதினாறு படத்தில் செத்திருக்கிறான்.
ஒரு சாவுக்கு எண்ணூறு ரூபாய், பிரியாணி தனி.
நீங்கள் வந்து அவனிடம் கேட்டீர்களாம்,
"பறக்கத் தெரியுமா?"
"பேட்டா ஏறுமா மேடம்?" என்றிருக்கிறான்.

அந்தப் படத்தில்தான்
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள்
நள்ளிரவில் ஒவ்வொன்றாகக் காலை உருவிக்கொண்டு
கடலுக்குப் போய் வாய் கொப்பளித்தன.
தியேட்டரில் யாரோ சிரித்தார்கள்.
சாம்பல் படிந்த கொசஸ்தலையில்
இடுப்பளவு நின்று இறால் தடவுகிறவள்
என் பக்கத்து சீட்டில் இருந்தாள்.
சுகிர்தா சிரிக்கவில்லை.
இடைவேளையில் பாப்கார்ன் வேண்டாமென்று
தண்ணீர் மட்டும் கேட்டாள்.

இரண்டாவது படம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.
நான் போன காட்சிக்கு ஏழு பேர்,
அதில் ஒருவர் ஏசிக்காக வந்தவர்.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடும்போதெல்லாம்
காத்திருப்பவர்களுக்கு வயது குறைகிறது.
கூடையோடு நின்ற மீன்காரி
கேட் திறக்கையில் பாவாடைச் சிறுமியாகி
அந்தப் பக்கம் போகிறாள்,
அங்கே அவள் பெற்ற மகனே
"யாரு பாப்பா நீ?" என்கிறான்.

உண்மையைச் சொல்கிறேன்,
கடைசி அரை மணி நேரம் எனக்குப் புரியவில்லை.
அந்த ராட்சத அலையும்,
காசில்லையோ என்னவோ,
காயப்போட்ட லுங்கி மாதிரி ஆடியது.
இருக்கட்டும்.
இப்போதும் அந்த கேட்டில் மாட்டினால்
கண்ணாடியைத் திருப்பி
மீசையை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

நாலு வருஷம் ஆகிவிட்டது.
ஒரே ஒரு போஸ்டர் விட்டீர்கள்:
கடல், நடுவில் ஒரு கதவு, பெயர்கூட இல்லை.
காசிமேட்டில் உடைந்த விசைப்படகு ஒன்றை
விலை பேசினீர்களாம்.
"மெதக்குமான்னு கேக்காதீங்கம்மா" என்றவரிடம்
"மிதக்க வேண்டாம்,
மூச்சு விட்டால் போதும்" என்றீர்களாம்.
கிளமென்ட் சொன்னான். பாதி பொய்யாகவே இருக்கட்டும்,
அந்த மூச்சை நினைத்துக்கொண்டு
நாலு ராத்திரி விசாகப்பட்டினம்வரை ஓட்டியிருக்கிறேன்.

கிளீனர் யாசின் கதை கட்டுகிறான்:
"படகுதான்ணே பேய்."
"கதவு தொறந்தா பாதாளம்ணே."
சும்மா இருடா என்கிறேன்.
என் முதுகுக்குப் பின்னாலும்தான்
சீல் வைத்த பெட்டி ஒன்று இருக்கிறது.
நம்பர் தெரியும், எடை தெரியும்,
உள்ளே என்னவென்று
எந்த டிரைவருக்கும் சொல்வதில்லை.
அவசரமில்லை, நன்றாக எடுங்கள்.
ஓடாவிட்டாலும் ஏழில் ஒருவன் நான்.

விடியற்காலை மூன்றரை.
முன்னால் சிவப்பு விளக்குகள் அணைகின்றன.
கியரைப் போட்டு அரை வண்டி நீளம் நகர்ந்தபோது
பின்னால், பெட்டிக்குள்,
ஏதோ ஒன்று
புரண்டு படுத்த மாதிரி இருந்தது.

"பிரேக் லைன்ல காத்துண்ணே" என்றான் யாசின்.

நான் ரேடியோவை அணைத்தேன்.