பதினான்காம் கிலோமீட்டர்

இருநூறாவது படியில் மரங்கள் முடிந்துவிடும்.
மீதி ஆயிரம் படியும் வெறும் வானம்.

முதுகில் ஃபில்டர் பெட்டி, இடுப்பில் கொக்கி,
சட்டைப்பையில் ஒரு பொட்டலம் மரவள்ளி மாவு.
உவாத்துமா ஆற்றங்கரையில் பிறந்தவளுக்கு
மனாவுஸ்காரர்கள் கொடுத்த வேலை:
காற்றுக் குழாய்களில் குளவி கூடு கட்டாமல் பார்த்துக்கொள்.
பார்த்துக்கொள்கிறேன். குளவிகளுக்கும் என்னைத் தெரியும்.

கீழே குளிரூட்டிய அறையில் ஒரு பெட்டி
சிட்டிகைக் காற்றில் எத்தனை துகள் என்று
நொடிக்கு நொடி எண்ணிக்கொண்டிருக்கிறது.
முன்னூறு. முன்னூற்றுப் பத்து. முன்னூறு.
வளர்ந்த துகள் வரும்.
கடல் கடந்து சஹாராவின் புழுதி வரும்.
ஆகஸ்டில், தெற்கே யாரோ காட்டைக் கொளுத்தினால்
எண் தாறுமாறாக ஏறும், என் தொண்டை கமறும்.
அப்போதுதான் பிறந்த துகள்,
அதுமட்டும் ஆறு வருடமாய் வரவில்லை.

"குழாயை ஒழுங்காகத் துடைத்தாயா, ஜுரேமா?"
ஒவ்வொரு படகிலும் ஒருவர் வந்து கேட்பார்.

இலைகள் சும்மா இருக்கவில்லை.
உச்சிவெயிலில் ஐசோப்ரீன் விடுகின்றன,
புகையில்லை, நிறமில்லை, என் மூக்குக்கு எட்டுவதுமில்லை.
பகலில் கிளம்பியதைப் பகலே தின்றுவிடும்.
அந்தியில் மிஞ்சியது
கடைசிப் படகைத் தவறவிட்டவர்கள்போல
கிளைகளுக்கு நடுவே போக்கிடமின்றி நிற்கும்.

ஜனவரியில் ஒரு ராத்திரி புயல் அடித்தது.
ஒலிந்தோ ஜெனரேட்டரை அணைத்துவிட்டு
மெழுகுவத்தியில் சீட்டு அடுக்கினார்.
காட்டின் மிச்ச மூச்சையெல்லாம்
அந்த இடிமேகம் அடியோடு உறிஞ்சி
மேலே கொண்டுபோனதை நாங்கள் அறியவில்லை.
தகரக் கூரை பறந்துவிடுமோ என்பதே எங்கள் கவலை.

பன்னிரண்டு நாள் கழித்து ஃப்ரௌக்கெ வந்தாள்,
விமானத்தில் போய் அளந்தவள். காதில் இன்னும் இரைச்சல் என்றாள்.
மாவு சுற்றிய காகிதத்தை விரித்து வரைந்தாள்:
இது புயல்.
இது மின்னல், நைட்ரஜனை அதுதான் உடைத்துக் கொடுத்தது.
இது பதினான்காம் கிலோமீட்டர்,
பூஜ்யத்துக்குக் கீழே அறுபது டிகிரி.
இது சூரியன்.
"முதல் வெளிச்சம் பட்டு இரண்டே மணி நேரம், ஜுரேமா.
எண்ணிக்கை ஆயிரங்களில் நிற்கவில்லை."
பென்சில் குத்திக் குத்திக் காகிதம் கிழிந்தது.

அப்படியானால் ஆறு வருடமாக
நான் தப்பான வாசலைப் பெருக்கியிருக்கிறேன்.
சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "இறங்கும்," என்றாள். "பொறு."

பிப்ரவரி, பிற்பகல்.
மேகம் கறுத்தால் இறங்கு என்பது விதி,
இறங்கிக்கொண்டுதான் இருந்தேன்.
மழைக்கு முன்னே ஒரு குளிர் விழுந்தது, மேலிருந்து நேராக,
மீன் வியாபாரி ஐஸ் பெட்டியைத் திறந்ததும்
முகத்தில் அறையுமே, அப்படி.
முழங்கை மயிரெல்லாம் எழுந்து நின்றது.

அறைக்குள் ஓடினேன். ஒலிந்தோ கையில் சீட்டோடு நின்றிருந்தார்.
தொள்ளாயிரம். இரண்டாயிரம். நாலாயிரத்து இருநூறு.
சின்னஞ்சிறுசுகள், ஆனால் பச்சைக் குழந்தைகள் இல்லை;
எங்கோ தவழ்ந்து, நடந்து பழகி வந்தவை.
எந்தக் காட்டின் எந்த இலை விட்டதோ,
எத்தனை நாள் மேலேயே திரிந்தனவோ.
இனி பருக்கும். ஈரம் பற்றிக்கொள்ளும்.
அப்புறம் அதை மேகம் என்போம், துணியை உள்ளே எடுப்போம்.

"குழாய் சுத்தமாகத்தானே இருக்கிறது?" என்றார் ஒலிந்தோ.

மூன்றாம் குழாயோரம் நேற்று ஒரு குளவி
மண் உருண்டையோடு சுற்றிக்கொண்டிருந்தது.
நாளை மறுபடி ஏற வேண்டும்.