ஈரக்கை

முதல் வாரப் பாடம் இது:
போனை நிமிர்த்திப் பிடித்திருக்கும்வரை
உன் செயலிக்கு உயிர் உண்டு.
பக்கவாட்டில் திருப்பு,
செத்துப் பிறக்கும்.
அதுவரை தட்டி வைத்ததெல்லாம்
போன பிறவி.
சேமித்து வை என்று
நாம்தான் சொல்லித்தர வேண்டுமாம்.

கிசுமுவில், மாலை ஆறரை மணி வகுப்பில்,
வங்கிக் கவுண்டரிலிருந்து நேரே வந்து
குதிகால் செருப்பை மேசைக்கடியில் கழற்றிவிட்டு
இதைக் குறித்துக்கொண்டேன்.
"மனுஷங்களுக்கும் உண்டா இந்த ஏற்பாடு?"
பக்கத்து நாற்காலி ஒக்வேனோ கேட்டான்.
மின்சாரம் போயிற்று.
பதிலும் அதோடு.

முதுகலை என்றால் என்னவோ என்று நினைத்திருந்தேன்.
பெரும்பாலும் காத்திருத்தல்.
மடிக்கணினி உலைமூடிபோல் நடுங்கும்,
மூன்று நிமிடம், ஐந்து நிமிடம்,
முடிவில் சிவப்பில் ஒரு வரி:
இல்லாத ஒன்றை அழைத்திருக்கிறாய்.
ஆமாம்.
அழைத்திருக்கிறேன். பலமுறை.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்தது மீன் கணக்கு.
டுங்கா கரையில் ஒமேனா வாங்கி விற்கும் பெண்கள்,
எந்தப் படகில் எத்தனை வாளி,
யார் தரவேண்டியது எவ்வளவு.
எமுலேட்டரில் எண்ணெய் விட்ட கதவாய்த் திறந்து மூடியது.
கணினிக்குள் வசிக்கும் அந்தப் போலிப் போனுக்குப்
பேட்டரி இறங்காது, சிக்னல் அறாது,
யாரும் அதை இடுப்பில் செருகிக்கொண்டு
மீன் சுமந்ததில்லை.

சனிக்கிழமை விடியல். படகு கரையேறும் நேரம்.
அவூர் தன் போனை நீட்டினாள்:
கீறல் விழுந்த திரை, பழைய ஆண்ட்ராய்டு.
செயலியை ஏற்றிக் கொடுத்தேன்.
நான்கு நாள் சரியாகத்தான் இருந்தது,
ஓரமாக நின்று, கை துடைத்து, எழுதினாளாம்.
புதன்கிழமை கூட்டம்.
இரண்டு கையிலும் ஏரி.
விரல் வைத்தாள், திரை கண்டுகொள்ளவில்லை.
அழுத்தி வைத்தாள், இல்லை.
முழங்கையிலிருந்து வழிந்த ஒரு சொட்டு
தானாகப் போய்த் தொட்டது:
நீக்கு.
அடுத்த சொட்டு:
ஆம், உறுதியாக.

எழுபத்திரண்டு வாளி.

அவள் திட்டவில்லை.
போனைச் செருகிவிட்டு
படகுப் பலகையில் கரித்துண்டால்
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
எப்போதும்போல் இழுத்தாள்.
"உன் பெட்டி தண்ணிக்குப் பயப்படுது.
எனக்குப் பொழப்பே தண்ணியிலதான்."

அறைக்கு வந்து குழாயடியில் நின்றேன்.
கையை நனைத்துக்கொண்டு
நான் கட்டியதை முதன்முறையாகத் தொட்டேன்.
அதற்குப் பிறகு ஆறு வாரம்
மேசையில் எப்போதும் ஒரு கிண்ணம் தண்ணீர்.
ஒக்வேனோ எட்டிப் பார்த்தான்:
"என்ன, ஞானஸ்நானமா?"

நீக்கு என்பதை நீக்கினேன்.
பக்கவாட்டில் ஒலி கூட்டும் பொத்தான் ஒன்று உண்டே,
கட்டையாக, ஈரம் உலர்வு பாராமல்,
அதற்குக் கற்றுக்கொடுத்தேன்:
ஓர் அழுத்து, ஒரு வாளி.
கீழ்ப்பொத்தான், தவறியதைக் கழிக்க.
எண்ணியதற்குச் சாட்சியாக
போன் ஒருமுறை அதிரும்.

வாய்மொழித் தேர்வில் டாக்டர் சிமியு
பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார்.
"திரை வடிவமைப்பு எங்கே?"
திரையைப் பார்க்க வேண்டாம் என்பதுதான் ஐயா வடிவமைப்பு.
சுவர்க் கடிகாரம் கொஞ்சநேரம் பேசியது.
பி பிளஸ்.
முன்னாய்வுத் தொகுப்பு போதாது என்று ஓரத்தில்.

அவூர் பயன்படுத்துகிறாளா என்று கேட்கிறார்கள்.
பயன்படுத்துகிறாள். கரிக்கோட்டையும் விடவில்லை.
மாலையில் இரண்டையும் ஒத்துப் பார்ப்பாள்,
வேறுபட்டால் கரி சொல்வதுதான் கணக்கு.

ஒரு பிழை இன்னும் தீரவில்லை.
அழைப்பு வரும் நேரத்தில்
அந்தப் பொத்தான் என் பேச்சைக் கேட்பதில்லை.
மோம்பாசாவிலிருந்து மகன் கூப்பிட்டால்
ஒரு வாளி விட்டுப்போகிறது.

சரிசெய்து தருகிறேன் என்றேன்.
"இருக்கட்டும்," என்றாள்,
செதில் ஒட்டிய புறங்கையால் நெற்றியைத் துடைத்தபடி,
"அவன் கூப்பிடுறதே எப்பவோ ஒருக்கா."